வாக்குத் தவறாதது எது?

மாந்தர் ஒருவரையொருவர் மதிப்பிடும் அளவுகோல்கள் பல. கல்வி, செல்வம், ஆற்றல் எனப் பலவற்றை எண்ணிப் பார்ப்பினும், இறுதியில் எஞ்சி நிற்கும் வினா ஒன்றே: இவன் சொன்ன சொல் தவறாதவனா? குறித்த நேரத்தில் வருபவனையும், ஏற்ற பொறுப்பைக் கைவிடாதவனையுமே உலகம் நம்புகிறது. இப்பண்பை மனிதரிடம் காண்பது அரிதாகும்பொழுது, உள்ளம் இயற்கையின்பால் திரும்புகிறது. கதிரவன் தவறாது உதிக்கின்றான், கடலலை ஓய்வதில்லை, பருவம் மாறி மாறி வருகின்றது. ஆகவே இயற்கை சொல் தவறுவதில்லை, மனிதனே தவறுகின்றான் என்று மேடைகளில் முழங்குவாரும் உளர். மாணாக்கர் எழுதும் கட்டுரைகளிலும் இக்கருத்து அடிக்கடி தலைகாட்டுவதுண்டு.

கேட்பதற்கு இனிய இக்கருத்து உண்மைதானா? வாக்குத் தவறாமை என்னும் அறம் இயற்கைக்கு உரியதா, மனிதனுக்கு உரியதா? இவ்வினாவை வெறும் சொல்லாராய்ச்சியாக நிறுத்திவிடாமல், கண்ணுக்குத் தெரியும் சான்றுகளோடு ஆராய்வதே முறை. அத்தகைய சான்றொன்று அமெரிக்க மண்ணில் உள்ளது. அதற்குப் பெயரே 'வாக்குத் தவறாதது' என்பதுதான். அதனை அறிந்தபின் பேராக் மாநிலத்து வெந்நீரூற்றுகளையும், ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்களாக இருந்த நிலங்களையும் நோக்கின், இவ்வினா எத்துணை அருகிலுள்ள வினா என்பது புலனாகும்.

பெயர் பெற்ற ஊற்று

அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள யெல்லோஸ்டோன், 1872ஆம் ஆண்டு சட்டத்தால் அமைக்கப்பட்டு, உலகின் முதல் தேசியப் பூங்கா எனப் போற்றப்படுவது. நிலத்தடியில் எரிமலையின் வெம்மை இன்னும் தணியாத அப்பரப்பில், கொதிநீரை விண்ணோக்கி வீசும் ஊற்றுகள் 500க்கும் மேற்பட்டவை உள்ளன. இவ்வகை ஊற்றுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கெய்சர்' என்னும் சொல், ஐஸ்லாந்து நாட்டிலுள்ள 'கெய்சிர்' என்னும் ஊற்றின் பெயரினின்று பிறந்தது. பீறிட்டெழுவது என்பது அதன் பொருள். தமிழில் பீறிடும் வெந்நீரூற்று எனலாம்.

1870ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் வாஷ்பர்ன் என்பாரின் தலைமையில் ஆய்வுக்குழுவொன்று அப்பகுதிக்குச் சென்றது. அக்குழுவினர் தங்கியிருந்த காலத்தில் ஓர் ஊற்று ஒழுங்கான இடைவெளியில் ஒன்பது முறை பீறிட்டெழுந்தது. அவ்வொழுங்கைக் கண்டு வியந்த அவர்கள் அதற்கு 'ஓல்ட் ஃபெய்த்ஃபுல்' எனப் பெயரிட்டனர். வாக்குத் தவறாத முதியவன் என்று அதனைத் தமிழ்ப்படுத்தலாம். ஒருமுறை எழுந்தால் ஒன்றரை நிமிடம் முதல் ஐந்து நிமிடம் வரை நிற்கும் அந்நீர்த்தூண், 30 மீட்டர் முதல் 55 மீட்டர் வரை உயர்கிறது.

இம்முதியவன் எழுவதற்குக் காரணம் வாக்கன்று, அழுத்தமே. மழையும் பனியும் உருகி நிலத்துள் இறங்கிய நீர், ஆழத்திலுள்ள வெப்பப் பாறைகளைச் சேர்ந்து சூடேறுகிறது. மேலேயுள்ள நீரின் பாரம் அழுத்துவதால், 100 பாகையைக் கடந்த பின்னரும் அது கொதிக்க இயலாமல் நிற்கிறது. குறுகிய குழாய் போன்ற பாறைப் பிளவின் வழியே அது மேலெழும்போது அழுத்தம் குறைகிறது. ஒரு பகுதி நீர் திடீரென நீராவியாகி, எஞ்சிய நீரையும் வெளியே தள்ளுகிறது. பின்னர்க் குழி வற்றுகிறது, மீண்டும் நிரம்புகிறது. எவ்வளவு நேரம் பீறிட்டதோ அதற்கேற்ப அடுத்த இடைவெளி நீள்கிறது, அல்லது குறைகிறது. பூங்காக் காவலர் இதனை அளந்து, அடுத்த எழுச்சி எப்போது என்பதை ஏறத்தாழ பத்து நிமிட வேறுபாட்டிற்குள் முன்கூட்டியே அறிவிக்கின்றனர்.

இவ்வூற்றின் அருகே 1903-04ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், இராபர்ட் இரீமர் என்னும் கட்டடக் கலைஞரின் வரைவுப்படி, மாபெரும் விடுதியொன்று எழுப்பப்பட்டது. அவ்வட்டாரத்துப் பைன் மரங்களையும் எரிமலைப் பாறைகளையும் கொண்டே அது அமைந்தது. அதன் முன்கூடம் ஏழு மாடி உயரமுடையது. அதன் நடுவே நிற்கும் கணப்படுப்பும் புகைபோக்கியும் ஏறத்தாழ 500 டன் கல்லால் ஆனவை. உலகின் பல மூலைகளினின்றும் வருவோர் அங்குத் தங்கி, குறித்த நேரத்தில் வெளியே வந்து ஊற்றைக் காண்கின்றனர். ஊற்று வாக்குக் கொடுத்தது போலவும், விடுதி அவ்வாக்கிற்குச் சாட்சி நிற்பது போலவும் ஒரு தோற்றம் உருவாயிற்று.

வாக்கும் இயக்கமும்

தோற்றம் வேறு, உண்மை வேறு. 1959ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் இரவு, பூங்காவுக்கு மேற்கேயுள்ள ஹெப்கன் ஏரிப் பகுதியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன்பின் அவ்வட்டாரத்து ஊற்றுகள் பலவற்றின் போக்கு மாறிற்று. முன்பு ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்கு ஒருமுறை எழுந்த முதியவன், பிற்காலத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திற்கு ஒருமுறை எழுபவன் ஆனான். 1983ஆம் ஆண்டு ஐடஹோ மாநிலத்தில் நேர்ந்த நிலநடுக்கமும் இடைவெளியை நீட்டிற்று. இவற்றினும் வியப்பானதொரு செய்தி 2020ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஊற்றின் மேட்டிலிருந்து எடுத்த, கனிமமேறிய பழைய மரத்துண்டுகளை ஆராய்ந்த அறிவியலார், அம்மரங்கள் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் அம்மேட்டிலேயே வளர்ந்தவை எனக் கண்டனர். கொதிநீர் பாயும் மேட்டில் மரம் வளராது. ஆகவே கடும் வறட்சி நிலவிய அக்காலத்தில் பல பத்தாண்டுகள் அவ்வூற்று எழவே இல்லை என்பது தெளிவாயிற்று.

இதனைக் கொண்டு அம்முதியவன் வாக்குத் தவறினான் எனப் பழித்தல் தகுமா? தகாது. வாக்கு என்பது தவற இயலும் ஒருவன், தவறாதிருக்கத் துணியும்போதே பிறக்கிறது. பசித்தபோதும் பிறர் பொருளைத் தொடாதவனே நேர்மையாளன். பசியே அறியாத கல்லை நேர்மையாளன் என்பாரில்லை. ஊற்றுக்கு எழாதிருக்கும் உரிமையுமில்லை, எழும் கடமையுமில்லை. நீரும் வெப்பமும் பிளவும் பொருந்தினால் எழும், பொருந்தாவிடில் ஓயும். அதனை நம்பத்தக்கது எனலாம்; வாக்குத் தவறாதது என்றல் பொருந்தாது. முன்னது இயக்கத்தைப் பற்றிய கூற்று. பின்னது அறத்தைப் பற்றிய கூற்று.

அங்ஙனமாயின் அப்பெயர் முற்றிலும் பொய்யோ? பொய்யன்று, இடம் மாறி நிற்பது. அவ்விடத்தில் வாக்குத் தவறாமை உண்டு. ஆனால் அது நீரினிடத்து இல்லை. ஒவ்வோர் எழுச்சியையும் அளந்து அடுத்த நேரத்தைப் பலகையில் எழுதும் காவலரிடத்து அது உள்ளது. 1988ஆம் ஆண்டு செப்டம்பரில் காட்டுத்தீ விடுதியை நெருங்கியபோது, கூரையில் நீர் தெளித்து அதனைக் காத்த தீயணைப்பாளரிடத்து அது இருந்தது. இந்நிலத்தைத் தனியொருவர்க்கு விற்பதில்லை என்று 1872இல் ஒரு நாடு ஏற்ற சட்டத்தில் அது உள்ளது.

இச்சட்டத்தின் அருமையை ஐஸ்லாந்தின் வரலாறு விளக்கும். உலகிலுள்ள இவ்வகை ஊற்றுகளுக்கெல்லாம் பெயர் தந்த கெய்சிர், 1894ஆம் ஆண்டு ஜேம்ஸ் கிரெய்க் என்னும் அயல்நாட்டுச் செல்வருக்கு விற்கப்பட்டது. அவர் வேலியிட்டுக் காண்போரிடம் கட்டணம் வாங்கினார். 1935இல் ஐஸ்லாந்து நாட்டவர் ஒருவர் அதனை விலைக்கு வாங்கித் தம் மக்களுக்கே கொடையாக அளித்தார். ஓய்ந்து கிடந்த அவ்வூற்றை விழா நாள்களில் எழுப்புவதற்காகச் சவர்க்காரத்தைக் கொட்டும் வழக்கமும் அங்கு நெடுங்காலம் இருந்தது. இயற்கை தன் போக்கில் எழும்வரை காத்திருக்க மனமில்லாத மனிதன், அது தன் நேரத்திற்கு எழ வேண்டுமென வற்புறுத்திய கதை அது.

முறிந்த வாக்குகள்

யெல்லோஸ்டோனிலும் மனிதர் எல்லா வாக்கையும் காத்தனர் அல்லர். அங்குக் 'காலைப் பொலிவு' எனப் பொருள்படும் பெயருடைய அழகிய வெந்நீர்க் குளமொன்று உண்டு. முன்னர் ஆழ்ந்த நீல நிறமாயிருந்தது. காண வந்தோர் ஆண்டாண்டாய் எறிந்த காசுகளும் குப்பைகளும் அடியிலுள்ள நீர்வாயை அடைத்தன, வெம்மை குறைந்தது, குளிர்ந்த ஓரங்களில் வாழும் நுண்ணுயிர்கள் நடுவிற்குப் பரவ, நீலம் சுருங்கி மஞ்சளும் செம்மஞ்சளும் மிகுந்தன. காசெறிந்தோர் தீயோர் அல்லர். ஒவ்வொருவரும் ஒரு காசைத்தான் எறிந்தனர். ஒரு காசால் என்ன நேரும் என்னும் எண்ணமே ஒரு குளத்தின் நிறத்தை மாற்றிற்று.

இதனினும் பெரிய தவறொன்று உண்டு. அந்நிலத்தில் ஏறத்தாழ 11,000 ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்தும் வேட்டையாடியும் வந்தனர் என்பது தொல்லியல் கண்ட உண்மை. பூங்கா அமைந்த சில ஆண்டுகளுக்குள், அம்மலைகளில் வாழ்ந்த ஷோஷோனி மக்கள் வெளியேற்றப்பட்டு ஒதுக்கிடங்களுக்கு அனுப்பப்பட்டனர். பழங்குடியினர் பீறிடும் ஊற்றுகளுக்கு அஞ்சி அப்பக்கம் வருவதே இல்லை என்றதொரு கதையும் பரப்பப்பட்டது. தொல்லியல் சான்றுகள் அதனைப் பொய்யாக்கின. ஆயிரமாயிரம் ஆண்டு அந்நிலத்தில் வாழ்ந்தவன் அயலான் ஆனான். ஓரிரவு தங்க வந்தவன் விருந்தினன் ஆனான். மக்கள் அனைவர்க்கும் உரியது என அறிவித்த நிலத்தில், மக்கள் என்னும் சொல்லுக்குள் அடங்காதோரும் இருந்தனர் என்பது வருந்தற்குரிய செய்தி.

பேராக் மண்ணில்

இனி, பேராக் மாநிலத்தை நோக்குவோர்க்கு இவ்வினா அயல்நாட்டு வினாவாகத் தோன்றாது. இங்குப் பீறிட்டெழும் ஊற்று இல்லை. ஆயினும் வெந்நீரூற்றுகள் பல உள. ஈப்போவை அடுத்த தம்புன், சுங்காயை அடுத்த சுங்கை கிளா, தஞ்சோங் மாலிமுக்கு வடக்கேயுள்ள உலு சிலிம் ஆகியவை அவற்றுள் சில. இவற்றின் வெம்மை எரிமலையால் வந்ததன்று. தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கற் பாறைகளிலுள்ள பிளவுகளின் வழியே ஆழத்திற்கு இறங்கும் மழைநீர், அங்குள்ள வெம்மையைப் பெற்று மீண்டும் மேலே வருகிறது. முட்டையை அவிக்கும் அளவுக்குச் சூடான இடங்களும் சுங்கை கிளாவில் உண்டு. ஆயினும் இந்நீர் ஆரவாரமின்றிக் கசிகிறது. நேரம் குறித்து எழுவதில்லை.

தம்புனில் மனிதன் தங்கிய வரலாறு மிகப் பழமையானது. அங்குள்ள சுண்ணாம்புக் குன்றொன்றில், வரலாற்றுக்கு முற்பட்ட பாறை ஓவியங்கள் 1959ஆம் ஆண்டு கண்டறியப்பட்டன. இன்று அவ்வட்டாரத்து வெந்நீரைச் சார்ந்து, 2004இல் திறக்கப்பட்ட கேளிக்கைப் பூங்காவும், செல்வர் தங்கும் விடுதியும் உள்ளன. சுங்கை கிளாவில் பெல்டா நிறுவனம் வெந்நீர்ப் பூங்காவும் தங்கும் இல்லங்களும் அமைத்தது. நிலமற்றோர்க்கு நிலம் தர 1956இல் தோன்றிய நிறுவனம் அது. சுங்காய் வட்டாரத்து மலையடிகளில் செமாய்ப் பூர்வகுடியினர் தொன்றுதொட்டு வாழ்ந்து வருகின்றனர். அதே மலையடிகளைத் தொடரும் சமவெளியில் இரப்பர்த் தோட்டங்கள் பரவிக் கிடந்தன. அவற்றில் தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டினர்.

இயற்கையோடு கொடுக்கல் வாங்கல் செய்வோன் எங்ஙனம் ஒழுக வேண்டும் என்பதை அத்தொழிலாளர் நூல் வழியே கற்றாரல்லர், கைவழியே கற்றனர். 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் நடப்பட்ட இரப்பர்க் கன்றுகள், பிற்காலத்தில் இந்நாட்டின் செல்வமாகப் பெருகின. சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தில் ரிட்லி என்பார் 1890களில் வகுத்த முறைதான் அதனை இயலச் செய்தது. மரத்தை வெட்டிச் சாய்க்காமல், பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறை அது. விடியற்காலைப் பெரட்டு முடிந்ததும் நிரையில் இறங்கும் பெண்மணி, கத்தியை எவ்வளவு ஆழம் செலுத்த வேண்டும் என்பதை அறிவாள். ஆழம் குறைந்தால் மங்கில் பால் விழாது. ஆழம் மிகுந்து உள்ளிருக்கும் வளர்படலத்தைத் தொட்டுவிட்டால் மரத்தில் காயம் உண்டாகி முண்டு கட்டும். புதுப்பட்டை ஒழுங்காக வளராது. நாள்தோறும் வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். ஆகவே ஒன்றுவிட்ட ஒருநாள் வெட்டி மரத்திற்கு ஓய்வு தருவர். மழை பெய்தால் வேலையில்லை, வேலையில்லையேல் கூலியுமில்லை. எனினும் நனைந்த மரத்தில் கத்தி வைப்பதில்லை.

மரம் அவளுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் அவள் மரத்தின்பால் ஒழுங்கு தவறவில்லை. இன்று கூடுதலாகக் கிடைக்கும் ஒரு மங்குப் பாலுக்காக நாளைய பட்டையை அழிக்கலாகாது என்பதே அவ்வொழுங்கு. கண்காணிப்புக்கு அஞ்சியும் அதனைப் பின்பற்றியிருக்கலாம். ஆயினும் யாரும் பாராத இருட்டில், நெற்றி விளக்கின் ஒளியில், தன் கையின் அழுத்தத்தைத் தானே அளந்தவள் அவளே. குளத்தில் காசெறிந்தோர் அறியாததை அவள் அறிந்திருந்தாள்.

விருந்தினன் கடமை

இங்கு ஒரு தடை எழலாம். உணர்ச்சியற்ற ஊற்றுக்கும் பாறைக்கும் மனிதன் எங்ஙனம் கடமைப்படுவான்? கடன் என்பது கொடுத்தவனுக்கும் பெற்றவனுக்கும் இடையே உள்ளதன்றோ? கொடுத்ததை அறியாத ஒன்றுக்கு நன்றி பாராட்டுவது வெறும் உருவகம் ஆகாதா?

இத்தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. திருவள்ளுவர் ஒப்புரவைப் பற்றிக் கூறத் தொடங்குகையில், கைம்மாறு கருதாத கொடைக்கு மழையையே எடுத்துக்காட்டாக வைக்கின்றார். மழைக்கு உலகம் திருப்பிச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்பதை அவர் நன்கு அறிவார். பெற்றது அளவிறந்தது, திருப்பித்தர வழியில்லை என்னும்போது மனிதன் செய்யத்தக்கது யாது? குறளின் அதிகார அமைப்பை நோக்கின் ஒரு குறிப்புத் தோன்றும். ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பல். அது விருந்தளிப்போன் கடமையைச் சொல்வது. விருந்தினன் எங்ஙனம் ஒழுக வேண்டும் என்பதற்கெனத் தனி அதிகாரம் இல்லை. ஆனால் இனியவை கூறலும், அதனையடுத்துச் செய்ந்நன்றியறிதலும் தொடர்கின்றன. விருந்துண்டவனின் அறம் நன்றியறிதலே என்று இவ்வரிசையை விளங்கிக்கொள்வது தவறாகாது. விருந்தளித்தவன் அறிந்தாலும் அறியாவிடினும், உண்ட இலையை உதறிவிட்டுச் செல்பவன் தன் பண்பையே இழக்கின்றான்.

மேலும், நன்றி வெறும் உள்ள நெகிழ்ச்சியாக நின்றுவிடாமல் இழப்பையும் ஏற்கும் செயலாக மாற இயலும் என்பதற்கு நியூசிலாந்து சான்றாகும். அந்நாட்டு ரோட்டொருவா நகரில், வீடுகளும் விடுதிகளும் நிலத்தடி வெந்நீரைக் குழாய்க் கிணறுகள் வழியே எடுத்துப் பயன்படுத்தின. நாளடைவில் அங்குள்ள பீறிடும் ஊற்றுகள் நலிந்தன. 1986ஆம் ஆண்டு அரசு, போஹுட்டு என்னும் பேரூற்றைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் இருந்த கிணறுகளை மூட ஆணையிட்டது. மலிவான வெந்நீரை இழந்தோர் கசந்தனர். அவர்தம் குறை பொருளற்றதன்று. எனினும் கிணறுகள் மூடப்பட்டபின் நிலத்தடி நீரழுத்தம் மீண்டது, ஊற்றுகளும் வலுப்பெற்றன. வாக்கைக் காப்பதற்கு விலை உண்டு. விலையில்லாத வாக்கு வாய்ச்சொல் மட்டுமே.

விருந்தினனுக்குக் கடமை இருப்பதுபோல, இயற்கையின் அருகே பிறரைத் தங்கவைப்போனுக்கும் பெருங்கடமை உண்டு. 1959ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின் இரவில் யெல்லோஸ்டோன் விடுதியில் இருந்தோர் உயிர் தப்பினர். ஆனால் பூங்காவுக்கு வெளியே, ஆற்றங்கரை முகாமில் உறங்கியோர் மீது மலை சரிந்தது. அந்நிலநடுக்கத்தில் மாண்டோர் 28 பேர். அவருள் பெரும்பாலோர் அம்முகாமில் இருந்தவர். ஈப்போவிலோ, 1973ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், குனோங் செரோ குன்றின் சுண்ணாம்புப் பாறை பெயர்ந்து அடிவாரத்துக் குடியிருப்பின் மேல் விழுந்ததில் சுமார் 40 பேர் உயிரிழந்தனர். அவர்கள் இன்பச் சுற்றுலாவுக்கு வந்தவர் அல்லர். வேறிடமின்றிக் குன்றடியில் வாழ்ந்தவர். 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் காலியில் முகாமொன்றின் மேல் மண் சரிந்து 31 பேர் மாண்டனர். முகாம் நடத்துவதற்கான உரிமம் அவ்விடத்திற்கு இல்லை என அதிகாரிகள் பின்னர் அறிவித்தனர்.

குன்று வஞ்சித்தது என்று கூறுதல் முறையன்று. நிலைத்து நிற்பேன் எனக் குன்று யாருக்கும் சொல்லவில்லை. இங்கு உறங்கலாம், அச்சமில்லை என்று சொல்லாமற் சொல்பவன் இடம் தருபவனே. இயற்கையை வாக்குத் தவறாதது எனப் பாடிப் பழகிய உள்ளம், இப்பொறுப்பைத் தன் தோளினின்று இறக்கி மலையின் மீது வைத்துவிட எளிதில் உடன்படுகிறது. அப்பாடலின் இன்பத்துள் மறைந்திருக்கும் தீங்கு இதுவே.

தங்குமிடமும் உரிமையும்

தங்குமிடம் என்னும் சொல்லைத் தோட்டத் தமிழர் வேறொரு பொருளிலும் அறிவர். தோட்டத்து லயங்கள் தொழிலாளர்க்கு வீடுகள். ஆனால் அவர்தம் வீடுகள் அல்ல. வேலை உள்ளவரை வீடு; வேலை போயின் வீடும் போம். 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோதும், பின்னர் 1980கள் முதல் நிலங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் பிற தொழில்களுக்கும் மாறியபோதும், பிறந்து வளர்ந்த லயத்தை விட்டு மூட்டை கட்டியோர் பலர். மூன்று தலைமுறை உழைத்த மண்ணில் அவர்கள் ஓரிரவு விருந்தினரைப் போலவே எண்ணப்பட்டனர். விருந்தினருக்காவது வரவேற்பும் உபசாரமும் உண்டு.

இக்கொடுமைக்கு எதிராக எழுந்த முயற்சிகளுள் ஒன்று பேராக் மண்ணின் மைந்தர் ஒருவரால் தொடங்கப்பட்டது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்ற வழிவகுத்தார். துண்டாடப்படவிருந்த தோட்டங்களைத் தொழிலாளரே வாங்க வேண்டும் என்பது அதன் நோக்கம். தொழிலாளர் தம் சிறு கூலியினின்று பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணம், கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலாவதாக வாங்க உதவிற்று. யாரோ தரும் தங்குமிடத்தை நம்பிக் கிடவாமல், ஒருவர்க்கொருவர் வாக்களித்து நிலத்தைத் தமதாக்கிக்கொண்ட செயல் அது. அங்கே வாக்குத் தவறாதது மரமன்று, மண்ணன்று. திங்கள்தோறும் சிறுதொகையை எண்ணி வைத்த கைகளே.

இதுகாறும் கூறியவற்றால் தெளிவாவது இதுவே. இயற்கை வாக்குக் கொடுப்பதுமில்லை, தவறுவதுமில்லை. அது இயங்குகிறது, அவ்வியக்கத்தை மனிதன் அறியலாம், அளக்கலாம், அதனால் பயன் பெறலாம். வாக்கென்னும் அறம் மனிதனுக்கே உரியது. அவ்வறம் மூன்று திசை நோக்கியது: பெற்ற கொடையைக் கெடாமல் அடுத்தவர்க்கு விட்டுச் செல்லல், தன்னை நம்பித் தங்க வந்தவனின் உயிரைக் காத்தல், அந்நிலத்தில் முன்பே வாழ்வோனை அயலான் ஆக்காதிருத்தல். இம்மூன்றுள் ஒன்று குறைந்தாலும், ஊற்றின் அருகே எழும் விடுதி எத்துணை அழகியதாயினும் அறத்தின்பால் குறைபட்டதே.

ஆசிரியர் தம் மாணாக்கரைத் தம்புனுக்கோ சுங்கை கிளாவுக்கோ அழைத்துச் செல்லுங்கால், நீர் ஏன் சுடுகிறது என்று விளக்குவர், அது வேண்டுவதே. அத்துடன் வேறு சில வினாக்களையும் அவர்கள் முன் வைக்கலாம். இந்நீர் இன்னும் நூறாண்டு இங்ஙனமே ஊற வேண்டுமாயின் யார் எதனை விட்டுக்கொடுக்க வேண்டும்? இந்த மலையடியில் முன்பு வாழ்ந்தோர் இன்று எங்கே உள்ளனர்? இங்குத் தங்குவோர்க்குக் காவல் யார்? இவ்வினாக்களுக்கு விடை காண முயலும் மாணாக்கன், கட்டுரைத் தாளில் இயற்கை வாக்குத் தவறாதது என்று எழுதத் தயங்குவான். அத்தயக்கத்திலிருந்துதான் அவன் தானே காக்க வேண்டிய வாக்குகளை எண்ணத் தொடங்குவான்.